அண்ணனின் முறை

எனக்கு வளவளவென்று பேச வராது, சார். கேட்டதற்கு மட்டும் சொல்கிறேன்.

சுரங்கப்பாதைக்குள் டவர் எடுக்காது. அதனால் ஆட்களின் ஹெல்மெட்டிலும் சுவரிலும் ரேடியோ வைத்திருக்கிறோம். ஒன்றின் பேச்சை அடுத்தது வாங்கி, கைமாற்றிக் கைமாற்றி, வாசலில் உள்ள என் அறைக்குக் கொண்டுவரும். ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது மட்டும், கண்ணிமைக்கும் நேரம் பேசும். எல்லாக் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். ஒரே முறையில் இரண்டு பேசினால் மோதிக்கொள்ளும்; எதுவும் கேட்காது. திரையில் சிவப்புப் புள்ளி மட்டும் விழும். முறை பிரித்துக் கொடுப்பதுதான் என் வேலை.

உள்ளே மேஸ்திரி என் அண்ணன். நல்லவன்தான். ஆனால் என்னை யார் எது கேட்டாலும், "நீ இருடா, நான் சொல்றேன்" என்று முந்திக்கொள்வான். அம்மா சாகும்முன் கடைசியாக என்னைப் பார்த்து, "சாப்பிட்டியாப்பா?" என்றாள். "அதெல்லாம் சாப்பிட்டான்மா" என்றான் அவன். நான் சாப்பிட்டிருக்கவில்லை. அது இன்றும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது, சார்.

ஒரே ஒரு ஷிப்டாவது அவன் பேச்சு யார் காதிலும் விழாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். உள்ளே தண்ணீர் ஏறுகிறதா என்று சொல்லும் நீர்மட்டக் கருவியின் முறையிலேயே அவனையும் போட்டுவிட்டேன். அது எந்நேரமும் எல்லாம் சரி என்று ஒரே பாட்டைப் பாடுவது. கேட்காவிட்டால் குடி முழுகிவிடாது.

காலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி விழுந்தது. உள்ளே கத்திக்கொண்டிருக்கிறான் என்று சிரித்துக்கொண்டேன். பிறகு ஆட்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, பம்பைப் பார்க்க அவன் மட்டும் உள்ளே நின்றான். கொஞ்ச நேரத்தில் புள்ளிகள் இடைவிடாமல் விழ ஆரம்பித்தன. அண்ணன் எவ்வளவு பேசினாலும் நடுவில் மூச்சு வாங்குவான். எனக்குப் புரிந்துவிட்டது. முறையை மாற்ற ஒரு விரல் போதும். விரல் விசைமேல்தான் இருந்தது.

அப்புறம் புள்ளிகள் நின்றன. கருவியின் குரல் தெளிவாக வந்தது. தண்ணீர் கூரையைத் தொட்டுவிட்டது என்றது.

அவனுடைய ரேடியோவை நீங்கள்தானே அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறீர்கள்? ஆனாலும் அந்த முறையில் இன்னமும் சிவப்பு விழுகிறது. மோதுவதற்கு இரண்டு வேண்டும், சார். பயந்துபோய்த்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

"கடைசியா அவர் என்ன சொன்னார், தம்பி?" என்று அண்ணி கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும்?

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அவன் பேசி முடிக்கும்வரை நான் குறுக்கே போகவில்லை.