ஊருணியைத் தாண்டும்வரை பொறுத்த விமானி

தலைமையேற்றிருக்கும் பருத்தி விவசாயிகள் சங்கத் தலைவர் ராஜகுரு ஐயா அவர்களே! அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே!

என் பெயர் இன்பராஜ். விமானி வேங்கடபதி அவர்களோடு ஆறு ஆண்டுகள் உங்கள் பருத்திக் காடுகளுக்கு மேலே மருந்து தெளித்தவன். அவருக்கு நான் இரங்கல் பேசுவதா? என்ன கொடுமை ஐயா இது!

அறுபத்தெட்டாம் ஆண்டு. வீரசோழன் பக்கம் வேலை. எதிர்க்காற்றில் போய்க்கொண்டிருந்த நான், விமானத்தைத் திருப்பியதும் காற்று முதுகுப்பக்கம் வந்தது. கீழே தரை தலைதெறிக்க ஓடியது. வேகம் கூடிவிட்டதென்று பயந்து இயந்திரத்தின் விசையைக் குறைத்தேன். விமானம் குலுங்கிச் சரிந்தது. கருவேல மரங்களை உரசித்தான் தப்பினேன். இறங்கியதும் வேங்கடபதி அவர்களிடம், "காத்து வேகத்தைப் பிடுங்கிருச்சுய்யா" என்றேன்.

அவர் விடவில்லை.

"ஏலே, ஓடுற ரயிலுக்குள்ள நடக்குறவன் எந்தப் பக்கம் திரும்புனா என்ன, நடை கொறையுமா? காத்து பிடுங்கல. தரை ஓடுறதப் பாத்து நீதான் விட்டுட்ட. தரையப் பாக்காத, வேகம் காட்டுற முள்ளப் பாரு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஒண்ணு மட்டும் நெசம். தரைகிட்ட காத்து கம்மி, மேல போகப் போக சாஸ்தி. காத்து முதுகுல இருக்கயில மேல ஏறுனா, முள்ளு எறங்கும். லோடோட அப்பிடி ஏறிராதலே."

அந்தச் சொல்லால்தான் இன்று உயிரோடு நிற்கிறேன்.

அவ்வளவும் அறிந்தவர் எப்படி விழுந்தார்? "காத்து அடிச்சிருச்சு" என்கிறார்கள் ஊரில். இல்லை! நான் பார்த்தேன். சொல்லக் கடமைப்பட்டவன்.

போன புதன்கிழமை, திருச்சுழிக்குக் கிழக்கே. தொட்டி நிறைய மருந்து. பருத்திக் காட்டின் கடைசியில் இயந்திரம் திக்கியது. ஓடுதளத்துக்குத் திரும்ப வேண்டும்; காற்றோ முதுகுப்பக்கம். எதிரே ஊருணிக் கரை, அதைத் தாண்ட ஏறியாக வேண்டும். கைக்குப் பக்கத்தில் ஒரு பிடி இருக்கிறது. இழுத்தால் மருந்து மொத்தமும் கொட்டிவிடும், பாரம் குறையும், பிழைக்கலாம். "கொட்டுய்யா, கொட்டுய்யா" என்று தரையில் நின்று கத்தினேன். என் குரல் அவருக்கு எப்படிக் கேட்கும்?

அவருக்குக் கீழே குடிதண்ணீர். குடத்தோடு பெண்கள்.

அவர் கொட்டவில்லை. கரையைத் தாண்டிய பிறகுதான் வெள்ளையாய் மருந்து இறங்கியது. அதற்குள் வேகம் தீர்ந்துவிட்டது. இடது இறக்கை சரிந்தது. நான் ஓடினேன். ஓடி என்ன செய்ய?

அந்தக் கரையில் நின்ற ஜக்கம்மாள் அம்மா இதோ முன்வரிசையில் இருக்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க கொடத்துல ஒரு சொட்டு விழலையே ராசா. அந்தத் தண்ணிய எப்பிடிக் குடிப்பேன்?" என்று அழுதார். குடியுங்கள் தாயே! அதற்காகத்தானே அவர் பொறுத்தார்!

நெசவாளர் வீட்டுப் பிள்ளை வேங்கடபதி. அவருடைய மனைவி சௌடம்மாள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "அவுக பயந்தாகளாண்ணே?"

தங்கச்சி, எனக்குத் தெரியாது. பயந்திருப்பார். பயந்துகொண்டேதான் பொறுத்திருப்பார்.

பெரியோர்களே! இனி எந்த ஊரில் மருந்து தெளித்தாலும், முதல்நாளே நாங்கள் நடந்து வந்து ஊருணிக் கரைகளில் சிவப்புக் கொடி நடுவோம். பாரத்தோடு அந்தப் பக்கம் திரும்ப மாட்டோம். இது விமானிகள் அனைவரின் உறுதிமொழி.

நரிக்குடியில் பருத்தி இன்னும் பாக்கி இருக்கிறது, புழு காத்திருக்காது. புதன்கிழமைக்குப் பிறகு நான் விமானத்தில் ஏறவில்லை. நாளைக் காலை ஏறுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போகிறேன்.