முள் எழும்பாத இடம்

அந்த மின்விசிறியை முதலில் நிறுத்திவிடுங்கள், வக்கீலம்மா. வேர்க்கும்தான். ஆனால் அதன் இரைச்சல் உங்கள் ரெக்கார்டரில் விழுந்துவிட்டால் என் குரலோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது. சத்தத்தின் அளவு காட்டும் முள் வைத்த ரெக்கார்டர், நல்ல சாமான். நான் பேசும்போது முள் பாதிக்கு மேல் எழும்பினால் போதும்.

உங்கள் கட்சிக்காரன் தங்கையனின் தாயார் அம்சம் அத்தை, தன் மூன்று மா குத்தகை நிலத்தைப் பண்ணைக்கு எப்படி விட்டுக்கொடுத்தார் என்று கேட்டீர்கள். அது விளங்க என் கேசட் நகல் தொழில் கொஞ்சம் விளங்க வேண்டும்.

ஒரு பதிவைச் சத்தமாக்குவது என்றால் சத்தக் குமிழை முழுக்கத் திருகுவது என்று நினைக்கிறார்கள். அப்படித் திருகினால், ஆள் குரலை உயர்த்தும் இடமெல்லாம் கரகரவென்று கிழிந்துபோகும். உயரும் இடத்தைக் கையால் கொஞ்சம் அமுக்க வேண்டும். தாழும் இடத்தைத் தூக்க வேண்டும். அப்புறம்தான் மொத்தத்தையும் ஏற்றலாம். எங்கே உயரும், எங்கே தாழும் என்பது கைக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும் அல்லவா. அதனால் எந்தக் கேசட்டையும் பத்துத் தடவை கேட்காமல் நகல் எடுக்க மாட்டேன். மஸ்கட்டுக்கும் குவைத்துக்கும் பிள்ளைகளை அனுப்பிய வீடுகளின் சங்கதி, அந்த வீடுகளுக்கு முன்பே எனக்குத் தெரியும். வெளியே ஒரு சொல் விட்டதில்லை.

அம்சம் அத்தை எங்கள் தெருதான். காது மந்தம். தங்கையன் மஸ்கட்டிலிருந்து பேசி அனுப்பும் கேசட் என் கடை விலாசத்துக்கு வரும். நான் ஏற்றிக்கொடுத்த நகலை அத்தை கடையிலேயே உட்கார்ந்து, ஒலிபெருக்கியில் காதை ஒட்டிவைத்துக் கேட்கும். "எம் புள்ள பக்கத்துல ஒக்காந்து பேசுறாப்புல இருக்குப்பா கோவிந்தராசு" என்று சொல்லும். நான்தான் அதற்கு இன்னொரு பிள்ளை மாதிரி.

மன்னியுங்கள், எழுந்து நடந்தால்தான் எனக்குப் பேச வரும். உட்கார்ந்தால் வெற்று டேப் ஓடுகிற மாதிரி ஓர் ஓசை காதுக்குள் ஆரம்பித்துவிடுகிறது. நாலைந்து வருஷமாக.

எண்பத்து நாலில், தாளடி அறுப்புக்குப் போலீஸ் காவல் போட்டிருந்தார்கள். விவசாயச் சங்கத்து ஆட்களுக்கும் நிலத்துக்காரப் பண்ணைக்கும் தினம் ஒரு தகராறு. பண்ணைக் காரியக்காரர் அத்தையிடம் ஒரு காகிதத்தை நீட்டி, நிலத்தை விட்டுவிடுவதாக ரேகை வைக்கச் சொன்னார். "எம் மவன் சொல்லாம வெக்க மாட்டேன்" என்றது அத்தை. என் கடையில் கேசட்டில் பேசி மஸ்கட்டுக்கு அனுப்பியது. பதில் ஒரு மாதத்தில் வந்தது.

தங்கையன் மாடு கன்று போட்டதா என்று உரக்கக் கேட்பான். வீட்டுக்கூரை மாற்றியாயிற்றா என்று உரக்கக் கேட்பான். நில விஷயம் வந்தால் குரலை இறக்கிவிடுவான். காரியக்காரரின் மச்சினனும் மஸ்கட்டில் அவனோடு அதே அறையில்தான் தங்கியிருந்தான். அந்தக் கேசட்டில், பதினோராவது நிமிஷத்தில், காற்று மாதிரி சொல்லியிருந்தான்: "அம்மா, ரேகை வச்சிடாத. நம்ம பேரு தாசில் ஆபீஸ்ல பதிவாயிருக்கு. காயிதம் நெல்லுக் குதிருக்கு அடியில இருக்கு. அதக் காட்டுனா ஒருத்தனும் தொட முடியாது."

தூக்க வேண்டிய இடம். நகல் எடுக்கையில் நான் குமிழை அரைச் சுற்று இறக்கினேன். தூக்கினால் வெறும் இரைச்சல்தான் வரும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அத்தை அந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்தது. "என்னமோ சொல்றான்ல?"

"இருமுறான் அத்தே."

"அங்க குளிரு போலருக்கு." கேசட் ஓடி முடிந்ததும், "நெலத்தப் பத்தி ஒண்ணுஞ் சொல்லலியேப்பா. அப்ப என் இஷ்டம்னு விட்டுட்டானா?"

"அப்படித்தான் தெரியுது அத்தே."

மறுநாள் ரேகை வைத்தது. தெருவில் அந்த வருஷம் வெட்டுக்குத்து இல்லை. ஒரு கிழவியை வரப்பில் சாய்த்துவிட்டார்கள் என்ற பேச்சும் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த நிலத்தின் சாலையோரத்தில் இரண்டு குழி நிலம், ஒரு கடை கட்டுமளவு இடம், எனக்கென்று காரியக்காரர் ஒதுக்கித் தந்தார். என் பழைய கடை பஸ் நிலையத்தை ஒட்டி இருந்தது. ஹாரன் சத்தத்தில் ஒரு பதிவும் உருப்படாது. சத்தமில்லாத அறை ஒன்று வேண்டுமென்று பத்து வருஷமாக அலைந்தவன் நான். நீங்கள் உட்கார்ந்திருப்பது அந்த அறைதான். கதவைச் சாத்தினால் வயலில் தண்ணீர் பாய்வதுகூடக் கேட்காது. ஆனாலும் நான் சாத்துவதில்லை. ரேடியோ ஒன்று பாடிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. "காயிதம் பத்திரமா இருக்கா?" என்று ஒவ்வொரு கேசட்டிலும் தங்கையன் கேட்டான். ஒவ்வொன்றிலும் இறக்கினேன். அத்தை இங்கே பேசும்போது, "நெலத்தக் குடுத்துட்டேன்டா, நீ ஏன்டா ஒரு வார்த்த சொல்லல?" என்று அழுததையும் இறக்கினேன். இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்தால்தானே பதிவு நன்றாக இருக்கும்.

இரண்டாம் வருஷம் ஐப்பசியோடு அத்தை கேட்க வருவதை விட்டுவிட்டது. கேசட்டை எடுத்துக்கொண்டு நானே வீட்டுக்குப் போனேன். படுக்கையில் கிடந்தது. "வேணாம்பா. மாடு கன்னப் பத்திக் கேப்பான். நெலம் என்னாச்சு, நீ என்னத்தத் திங்கிறன்னு கேக்க மாட்டான். எம் புள்ளைக்கு மனசு வேறயாப் போச்சு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. தை பிறப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. என் கையிலிருந்த அந்தக் கேசட்டில், பதினைந்தாவது நிமிஷத்தில், "நெலம் கெடக்குது, நீ வேளைக்குச் சாப்புடு தாயி" என்று இருந்தது. அதுவும் மெதுவாகத்தான் சொல்லியிருந்தான்.

தங்கையன் அனுப்பிய அசல் கேசட்டுகள் ஏழும் அந்தத் தகரப் பெட்டியில் இருக்கின்றன. எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல பதிவுகளை அழிக்க எனக்கு மனம் வராது. நகலையும் கேட்டுப் பாருங்கள், ஓர் இடத்திலும் கரகரப்பு இருக்காது. அவன் பேசியதில் ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை. ரேகையும் அத்தையுடையதுதான். கேட்டால் கோர்ட்டிலும் இதையே சொல்வேன்.

தங்கையனுக்குப் போட்டுக் காட்டுவதற்கு முன் இப்போது உங்கள் ரெக்கார்டரில் ஓடும் இந்தக் கேசட்டை என்னிடம் ஒரு நாள் கொடுத்தால் சத்தம் ஏற்றித் தருகிறேன். காரியக்காரர் தந்த இரண்டு குழியைப் பற்றி நான் சொன்னபோது உங்கள் முள் எழும்பவே இல்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த ஓர் இடத்தை மட்டும் தூக்க வேண்டாம், வக்கீலம்மா. வெறும் இரைச்சல்தான் வரும்.