மெஷின் தாங்காது

– அந்த வைஸ் வேணாம் யூசுப் பாய். அடியில சுத்துற தட்டு இருக்கு. எங்க மில்லிங் மெஷின் குட்டி மெஷின், பால்கனியில வெச்சிருக்கோம். இரும்பைக் கவ்விப் பிடிக்கற வைஸே பாதி உயரத்தைத் தின்னுடுச்சுன்னா கட்டர் எங்க இறங்கும்?

– விசயம் தெரிஞ்சுதான் பேசுற. ஊட்ல யாரு ஓட்டுறது, நீயா?

– எங்க வீட்டுக்காரர். கம்பெனியில டூல் ரூம் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அதேதான். குட்டியா ரயில் இன்ஜின் பண்றார்.

– இப்போ அதுல இன்னா வைஸ் மாட்டிகீது?

– மூணு இஞ்ச். பச்சைக் கலர். புதுசா ஆன்லைன்ல வாங்கினார்.

– அப்போ இன்னொண்ணு இன்னாத்துக்கு?

– அவருக்குத் தெரியாம வாங்கித் தரலாம்னு.

– புடவை எடுக்கறாப்ல சொல்ற. இந்தா, இதுவும் மூணு இஞ்ச், நல்லா தட்டையா கீது. ஏம்மா, அத்த உடு. அது ஆறு இஞ்ச். உன் மெஷின் தாங்காது, குப்புறப் படுத்துக்கும்.

– சும்மா பாக்கறேன்.

– வந்ததுலேந்து பெருசையே பாத்துகினு கீற. சின்னதை ஒண்ணு கூட கையில எடுக்கல. நல்லா கேட்டுக்கோ, வாங்க வர்றவன் வைஸோட வாய்ல ஒரு இரும்புத் துண்டை வெச்சு முறுக்குவான். வாய் மேல தூக்குதான்னு பாப்பான். நீ வாயைத் தொறந்து உள்ள செல்போன் லைட் அடிக்கிற, பல் டாக்டராட்டம். யாரு நீ? ஸ்டேஷன்லேந்து வர்றியா?

– என்னைப் பாத்தா போலீஸ் மாதிரியா இருக்கு?

– போலீஸ் என்னிக்கு போலீஸாட்டம் வந்துகீது?

– என் பேர் அகல்யா. மேனாம்பேட்டுல இருக்கேன். அவர் பேர் ஸ்ரீநாத். அவர் கம்பெனியில ஆறு இஞ்ச் வைஸ் ஒண்ணு காணாம போச்சு பாய். வீட்ல மெஷின் வெச்சிருக்கறவன் நீதான், நீதான் எடுத்திருப்பேன்னு அவரை வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க. நாளைக்கு விசாரணை. வேலையும் போகும், கேஸும் வரும்.

– அதுக்கு என் கடையில இன்னா வேலை உனக்கு?

– காணாம போன இரும்பு வேற எங்க வரும்?

– நாக்கை அடக்கிப் பேசு. நான் பழைய சாமான் வாங்கறவன். திருட்டு சாமான் வாங்கறவன் இல்ல.

– தெரிஞ்சு வாங்கினீங்கன்னு சொல்லல. அந்த வைஸுக்கு அடையாளம் இருக்கு. அவங்க டூல் ரூம்ல யாராவது தவறி வைஸ் மேலயே டிரில்லை இறக்கிட்டா, அந்தக் குழிக்குப் பக்கத்துல அவன் பேரோட முதல் எழுத்தை அடிச்சு வெச்சுடுவாங்க. வேலையை விட்டுப் போற வரைக்கும் கிண்டல் பண்ண. இதுல இருக்கறது இங்கிலீஷ் டி. தேவராஜ். இப்போ அந்த ஆள் ஃபோர்மேன். இவர் மேல புகார் எழுதினதும் அவர்தான்.

– அவரே தூக்கிட்டாருன்ற.

– பின்ன? ஆறு இஞ்ச் வைஸை வெச்சு நாங்க என்ன பண்றது? மெஷின் தாங்காதுன்னு நீங்களே சொல்றீங்க. நாளைக்கு அதையே சொல்லுங்கன்னு அவர்கிட்டயும் சொல்லியிருக்கேன்.

– வெளிய ஆள் யாராச்சும் நிக்குதா?

– யாரும் இல்ல. உங்க பேரும் வெளிய வராது.

– அந்த சாக்கைத் தூக்கு. கால்ல போட்டுக்காத, கனம்.

– டி… இதேதான் பாய். சாக்குக்குக் கீழ ஏன் வெச்சீங்க?

– வாங்கினப்புறம்தான் மனசு ஒரு மாதிரி ஆச்சு. அவ்ளோ நல்ல சாமானை எவன் தருவான்?

– எவன்னு காட்டறேன், இருங்க. இது ஆயுத பூஜைக்கு எடுத்த போட்டோ. நடுவுல பெரிய மீசை. இவர்தானே?

– இவரு இல்ல.

– நல்லா பாருங்க பாய். மாஸ்க் போட்டுகிட்டு வந்திருப்பார்.

– பாத்துட்டேன். பக்கத்துல செவப்பு சட்டை, பூசணிக்காயைக் கையில வெச்சுகினு கீறாரே. அவரு.

– அது என் வீட்டுக்காரர்.

– அப்டியா.

– பொய் சொல்றீங்க. தேவராஜ் முன்னாடியே வந்து உங்களைப் பேசி வெச்சிருக்கார்.

– நல்லா கேட்டுக்கோ. எனக்கு இதுல ஒண்ணும் வரப்போறதில்ல. மனுசன் காசு கூட கேக்கல. ஊட்டு மெஷின் தாங்கலை பாய், பெருசை வெச்சுக்கோ, சின்னதா ஒண்ணு குடுன்னாரு. குடுத்தேன்.

– என்ன கலர்?

– பச்ச.

– ஆன்லைன்ல வாங்கினதுன்னார்.

– உக்காரும்மா. தண்ணி குடி.

– வேணாம். இதை சாக்குல கட்டுங்க. நான் எடுத்துட்டுப் போறேன்.

– கம்பெனியில குடுத்துடப் போறியா?

– ஒரு ஆட்டோ புடிச்சுக் குடுங்க பாய். ஏரிக்கரையில நிறுத்தச் சொன்னா, ஏன்னு கேக்காத ஆளா.