மத்தியானக் குப்பம்

கேளுங்க. ரொம்பக் காலத்துக்கு முன்னால, நம்ம நாட்டுல மொதமொதல்ல ஓட்டுன்னு ஒண்ணு வந்த வருசம், இந்தக் கடலோரத்துல புங்கந்துறைன்னு ஒரு மீன்பிடி ஊரு இருந்துச்சாம். ஊருல ரெண்டே தெரு. வடக்குத் தெரு ஒண்ணு, தெக்குத் தெரு ஒண்ணு. ஒரே கோயிலு, ஒரே கெணறு. பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்து ஒண்ணுமண்ணாத்தான் கெடந்தாங்களாம்.

ஊருக்கு நாட்டாமை தெய்வசிகாமணி. வடக்குத் தெருக்காரரு. அவரு சொன்னா வலை எறங்கும், அவரு சொன்னா வலை ஏறும். அதே வடக்குத் தெருவுல குஞ்சாயின்னு ஒருத்தி. புருசன் பக்கிரிசாமி, நாட்டாமை படகுலதான் தொழில். ஒரே மக நாகவல்லி. அவளைத் தெக்குத் தெருவுல கட்டிக் குடுத்திருந்தாங்க. ஓட்டு வந்தப்ப அவளுக்கு ஏழு மாசம்.

அப்பல்லாம் ஓட்டு எப்படின்னா, நிக்கிற ஆளுக்கு ஒரு பெட்டி. பெட்டி மேல படம் ஒட்டியிருக்கும். மறைப்புக்குள்ள போயி, புடிச்ச பெட்டியில சீட்டைப் போட்டுட்டு வரணும். அந்தத் தடவை நம்ம தொகுதியில நின்னது ரெண்டு பேரு. ஒருத்தருக்குத் தராசு, ஒருத்தருக்கு விளக்கு. தராசுக்காரரு ஊருக்கு ரோடு போட்டுத் தர்றேன்னாராம். நாட்டாமை கோயில்ல வச்சு வாக்குக் குடுத்துட்டாரு, ஊரு மொத்தமும் உங்களுக்குத்தான்னு.

இங்கதான் வந்துச்சு வெனை. பொம்பளைங்க மொறைக்கிறாங்க. மீன் யாவாரிங்க தராசுல ஏமாத்தி ஏமாத்தி, தராசைக் கண்டாலே அவங்களுக்கு ஆகாது. அந்தக் கள்ளத் தராசுக்கா ஓட்டு, நாங்க வெளக்குலதான் போடுவோம்னு கெணத்தடியில பேச்சு. நாட்டாமை பார்த்தாரு. பெருசா யோசனை பண்ணினாரு, மகாராசன்.

ஓட்டன்னிக்குக் காலையில மொத ஆளா உள்ள போயிட்டு வந்து ரெண்டு தெருவுக்கும் சொன்னாராம்: "படத்தை ஒருத்தரும் பார்க்கக்கூடாது. தலையைக் குனிஞ்சு போ. கடல் பக்கம் இருக்கிற பெட்டியில போடு. வா."

வடக்குத் தெரு காலையில, தெக்குத் தெரு மத்தியானம். அதுவும் அவரு வச்ச வரிசைதான். நாட்டாமை இருக்கிற தெரு, அதனால மொத மரியாதை.

வடக்குத் தெரு போட்டு முடிச்சிருச்சு. குஞ்சாயியும் போட்டுட்டா. ஆபீசருங்களுக்குத் தண்ணி கொண்டுபோயி வைக்கிற வேலையும் அவளுக்குத்தான். உச்சிப்பொழுதுல புடிச்சுதாம் மழை. சரியான மழை. ஓட்டுப் போடுற கீத்துக் கொட்டாய் ஒழுவி, பெட்டி மேல தண்ணி சொட்டுது. ஆபீசரு ஆளுங்களைக் கூப்புட்டு, பெஞ்சைப் பெட்டியோட தூக்கி எதிர்ச் சுவத்தோரம் திருப்பிப் போட்டுட்டாரு. தண்ணிக் குடத்தோட நின்னவ பார்த்தா. கடல் பக்கம் இருந்த தராசு ஊர்ப் பக்கம் போயிருச்சு. ஊர்ப் பக்கம் இருந்த வெளக்கு கடல் பக்கம் வந்துருச்சு.

வெளிய தெக்குத் தெரு நிக்கிது வரிசையா. வரிசையில நாகவல்லியும் நிக்கிறா, இடுப்புல கைய வச்சுக்கிட்டு. குஞ்சாயிக்குச் சொல்லத்தான் வாயி வந்துச்சாம். ஆனா, பெட்டிப் பேச்சு பேசுனா உள்ள தள்ளிருவேன்னு போலீசுக்காரன் தடியோட நிக்கிறான். நாட்டாமை சொன்ன சொல்லை நாட்டாமைதான் மாத்தணும்னும் ஒரு பயம். குடத்தைப் போட்டுட்டு நனைஞ்சுக்கிட்டே ஓடினா. நாட்டாமை சோறு தின்னுட்டுப் படுத்திருக்காரு. பெட்டி எடம் மாறிப்போச்சுங்க, வந்து சொல்லுங்கன்னா. அவரு கண்ணைக்கூட முழுசாத் தொறக்கலையாம். பெட்டி எங்கடி மாறும், போயி வேலையைப் பாருன்னாராம்.

திரும்பி வந்தா. வாயைத் தொறக்கல. தெக்குத் தெரு தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போச்சு, கடல் பக்கத்துப் பெட்டியில போட்டுச்சு, வந்துச்சு.

அப்ப ஊர் ஊராப் பெட்டியைப் பிரிச்சுத்தான் எண்ணுவாங்க. புங்கந்துறையில தராசுக்கு நூத்தி அறுபது, வெளக்குக்கு நூத்தி நாப்பது. தராசுக்காரரு தோத்தது தொண்ணூறு ஓட்டுல. தெக்குத் தெருவோட மொத்த ஓட்டும் சரியா அதே நூத்தி நாப்பது. வேற என்ன வேணும்? ரோட்டைக் கெடுத்தவனுங்க, சத்தியத்தை மீறுனவனுங்கன்னு வடக்குத் தெரு குதிக்குது. தெக்குத் தெருக்காரங்க அழுவுறாங்க, நாங்க சொன்ன பெட்டியிலதான் போட்டோம்னு. யாரு கேக்குறா.

கோயில்ல ஊர்க் கூட்டம். தெக்குத் தெருவை ஊரு வெலக்கி வைக்கணும்னு பேச்சு. நெருப்பு கெடையாது, தண்ணி கெடையாது, போக்குவரத்து கெடையாது. குஞ்சாயி கணக்குப் போட்டா. இன்னும் ரெண்டு மாசத்துல மகளுக்குப் பேறுகாலம். தெருவை வெலக்கிட்டா பெத்தவ கிட்டப் போக முடியாது. பொம்பளை கூட்டத்துல பேசக்கூடாதுன்னு இருந்த ஊருல, எழுந்து நடுவுல வந்து நின்னாளாம்.

மழையைச் சொன்னா, பெஞ்சைச் சொன்னா, எல்லாத்தையும் சொன்னா.

"அப்ப நான் சொன்னது தப்புன்றியா?"ன்னு கேட்டாராம் நாட்டாமை.

"நீங்க சொன்னது காலையில சரி. மத்தியானத்துக்குத் தப்பு. நான் ஓடி வந்து உங்ககிட்டச் சொன்னேன். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

கூட்டம் அவரு மொகத்தைப் பார்க்குது. ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா ஒரு நாள் தலைகுனிவு, மறுநாள் எல்லாரும் கடலுக்குப் போயிருப்பாங்க. அவரு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டாரு.

"எங்கிட்ட யாரும் வந்து எதுவும் சொல்லல"ன்னாராம்.

குஞ்சாயி புருசனைத் திரும்பிப் பார்த்தா. நாட்டாமைகிட்ட ஓடிப்போயிச் சொன்னதை அன்னிக்கே வீட்டுல அவருகிட்டச் சொன்னவதான், அவருக்குத் தெரியும். பக்கிரிசாமி தரையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாராம். நாட்டாமை படகுல தொழில் பண்ற ஆளு, என்னா பேசுவாரு.

வெலக்கி வைக்கிறதுன்னே முடிவாச்சு. தெக்குத் தெரு சட்டி பானையைத் தூக்கிக்கிட்டு முகத்துவாரத்துக்கு அக்கரையில போயி குடிசை போட்டுச்சு. குஞ்சாயியும் போனா. போனவ வரக்கூடாதுன்னாங்க, சரின்னுட்டு மார் அளவு தண்ணியில எறங்கி நடந்தா. அந்தக் குப்பத்துல பொறந்த மொதப் புள்ளை நாகவல்லியோடது, அதை அவதான் கையில வாங்குனா. பக்கிரிசாமி இக்கரையில வந்து நின்னு பார்ப்பாராம். பேரனை அந்த மனுசன் சாகுற வரைக்கும் தூக்கல.

இக்கரைக்காரங்க கேலியா வச்ச பேருதான் மத்தியானக் குப்பம். அந்தப் பேரே நெலைச்சுப்போச்சு, சர்க்கார் பதிவுலயும் ஏறிருச்சு. அன்னியிலேருந்து இக்கரை எந்தக் கட்சிக்குப் போடுதோ அக்கரை அதுக்கு எதிராப் போடும். கட்சி எத்தனையோ மாறிப்போச்சு, இது மட்டும் மாறல. ஓட்டுக் கேக்க வர்றவனுக்கும் தெரியும், இங்க எவ்வளவு வருமோ அங்க அவ்வளவு போயிரும். அப்பறம் எதுக்கு மெனக்கெடுறான்? ரோடு இன்னும் ரெண்டு கரைக்கும் வரல.

தெய்வசிகாமணி சாகப்போற நேரத்துல மூத்த மகனைக் கூப்புட்டு, அந்தப் பொம்பளை வந்து சொன்னாடா, நான்தான் ஒத்துக்கலன்னு அழுதாராம். அப்ப குஞ்சாயி உசுரோடதான் இருந்தா, கூப்புட்டாக் கேக்குற தூரத்துல, அக்கரையில. இப்ப வெளிய சொன்னா குடும்பத்துக்கு அசிங்கம்னு மகன் வாயை மூடிக்கிட்டான். குஞ்சாயியும் செத்து, அவனும் செத்த பொறவு அவன் பொண்டாட்டி சொல்லித்தான் ஊருக்குத் தெரிஞ்சுதுன்னு சொல்றாங்க. தெரிஞ்சு என்ன பண்றது.

இன்னிக்கும் போயிப் பாருங்க. ஓட்டன்னிக்கு மத்தியானக் குப்பத்துல பன்னெண்டு மணி வரைக்கும் ஒரு காக்கா குருவி வராது. புதுசா வந்த ஆபீசரு, ஊரே ஓட்டை வேணாம்னுருச்சு போலன்னு பயந்து மேலிடத்துக்குப் போன் போடுவாரு. பன்னெண்டு தாண்டுனதும் எல்லாரும் வருவாங்க. வரிசையில நிக்கும்போது ஒருத்தரும் தலையைக் குனிய மாட்டாங்க. உள்ள போற ஒவ்வொருத்தரும் படத்தை விரலால தொட்டுப் பார்த்துட்டுத்தான் ஓட்டைப் போடுவாங்க. அது குஞ்சாயி சொல்லிக் குடுத்தது.