சுரத்துக்கு நாலு மாத்திரை

தங்கை: ...அந்தப் பெட்டியெல்லாம் அப்புறம் அடுக்கலாம்ண்ணே. ஆள் வர்றதுக்குள்ள இந்தச் சீட்டப் பாரு. கூடப் பிறந்தவன் மருந்துக்கடை வச்சிருந்து எனக்கு என்ன பிரயோஜனம்? ஒரு வார்த்தை சொன்னியா?

அண்ணன்: யாரு சீட்டு?

தங்கை: உன் மச்சானோடது. துவைக்க எடுத்தேன், சட்டைப் பையில இருந்தது.

அண்ணன்: ஓ... அதுவா. ஒன்னுமில்லம்மா.

தங்கை: பிரிக்கவே இல்ல, அதுக்குள்ள ஒன்னுமில்லையா? நானே படிக்கிறேன், கேளு. 'முதல் சுரத்துக்கு நாலு மாத்திரை. அடுத்த சுரத்துக்கு ரெண்டு மாத்திரை. பிறகு ஒரு மாத்திரை ஓய்வு. தப்பினால் மறுபடி முதலிலிருந்து.' தப்பினால்னு போட்டிருக்குண்ணே. எது? உயிரா?

அண்ணன்: சே சே. இது டாக்டர் எழுதினதே இல்ல. படிக்க முடியுதே.

தங்கை: கீழ சிவப்பு மையில பாரு. 'மூன்று சுரம் முடிந்தது. இன்னும் நாலு பாக்கி. மூச்சு போதவில்லை.' ஒரு மனுஷனுக்கு ஏழு சுரம் வருமா?

அண்ணன்: வரும்... பொறுமையா இருந்தா.

தங்கை: விளையாடாத. உதடு வீங்கிக் கிடக்கு. தலை சுத்துதுன்னு சுவரப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. சாப்பிட உக்காந்தா விரல் தானா ஆடுது. நேத்து துணி வெட்டுறப்ப ஒன்னு, ரெண்டு, மூணுன்னு முணுமுணுத்துக்கிட்டே ஒரு சட்டைக்கு மூணு கை வெட்டிட்டாரு.

அண்ணன்: மூணோட நிறுத்திட்டாரா? நாலுல்ல...

தங்கை: என்னது?

அண்ணன்: ஒன்னுமில்ல. தையக்காரருக்குக் கண்ணு மங்கினா அப்படித்தான்.

தங்கை: 'துணிய மடிச்சு வைங்க'ன்னா 'ச... ரி...'ன்னு இழுக்கிறாரு. அதோட விட்டாப் பரவாயில்ல. 'க...'ங்கிறாரு.

அண்ணன்: கவலப்படாதேன்னு சொல்ல வந்திருப்பாரு.

தங்கை: நீ எதுக்கு மேஜையத் தட்டிக்கிட்டே இருக்க?

அண்ணன்: ஈ.

தங்கை: நேத்து சாயங்காலமே கேக்கலாம்னு வந்தேன். கடை பூட்டிக் கிடந்தது.

அண்ணன்: சரக்கு எடுக்கப் போனேன்.

தங்கை: சரி, நீ சொல்ல வேணாம். நாளைக்குக் காலையில பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். உள்ள குழாய் விட்டுப் பாப்பாங்களாம். இன்னைக்கு ராத்திரி பூரா அவருக்குப் பட்டினி.

அண்ணன்: குழாயா? ஐயோ, வேணாம்மா. உக்காரு. அது காய்ச்சல் சுரம் இல்ல... பாட்டுச் சுரம்.

தங்கை: பாட்டா?

அண்ணன்: புல்லாங்குழல் கத்துக்கிறாரு. ரெண்டு மாசமா. அதுல ஒரு தட்டு தட்டுற நேரந்தான் ஒரு மாத்திரை. நாலு மாத்திரைன்னா நாலு தட்டு வரைக்கும் ஊதணும். ஓய்வுன்னா அந்த நேரம் ஊதாம சும்மா இருக்கணும். அவருக்கு அந்தச் சும்மா இருக்கறதுதான் வரல.

தங்கை: அது வீட்லயும் வராது. அப்ப உதடு?

அண்ணன்: ஊதி ஊதி.

தங்கை: தலை சுத்துறது?

அண்ணன்: அதுவும் ஊதித்தான். புதுசுல எல்லாருக்கும் சுத்துமாம்.

தங்கை: பாவி மனுஷன். மூணு நாளா எனக்குச் சோறு இறங்கல. எதுக்கு இந்த வயசுல?

அண்ணன்: வர்ற ஞாயித்துக்கிழமை உங்க கல்யாணம் நடந்து இருபத்தஞ்சு வருஷம். கல்யாணத்தன்னைக்கு எல்லாரும் கேட்டாங்கன்னு பாடினாரே, நெனப்பு இருக்கா? நீ சிரிச்சுட்ட. அன்னைக்கோட வாய மூடினவரு. வாயால பாடினாத்தானே சிரிப்பா, குழல்ல ஊதினா என்ன பண்ணுவான்னு கெளம்பிட்டாரு. உனக்குத் தெரியக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு.

தங்கை: அத இன்னுமா மனசுல வச்சிருக்காரு?

அண்ணன்: நீ சிரிச்ச சிரிப்பு அப்படி.

தங்கை: நான் அவரப் பாத்துச் சிரிக்கலண்ணே.

அண்ணன்: ...பின்ன?

தங்கை: அவரு கண்ண மூடி உருகிப் பாடுறாரு. நாற்காலிக்குப் பின்னால ஒருத்தன் நின்னுக்கிட்டு, அதே மாதிரி வாயப் பொளந்து பொளந்து காட்டினான். அதப் பாத்துட்டு எப்படி அடக்குவேன்? இத்தன வருஷமும் அவருகிட்ட சொல்லல. சொல்லியிருந்தா மச்சானும் மச்சானும் மூஞ்சி பாத்திருக்க மாட்டீங்க.

அண்ணன்: ...

தங்கை: என்னண்ணே, நாலு மாத்திரை ஓய்வா?

அண்ணன்: அந்த ஒருத்தன் யாருன்னு எனக்கும் தெரியும்மா. இல்லேன்னா தினம் சாயங்காலம் யாவாரத்த விட்டுட்டு, கடைய உள்பக்கமாப் பூட்டிக்கிட்டு, காதுல பஞ்ச வச்சுக்கிட்டு, அவருக்கு எவன் தாளம் போடுவான்?