இரும்பு இறங்கும் வரை

எனக்கு ஊசி குத்தத் தெரியும் என்று மட்டும் எழுதாதீர்கள் ஐயா. வலிக்காமல் குத்தத் தெரியும் என்று எழுதிக்கொள்ளுங்கள். குழந்தைகள்கூட என்னிடம் அழாமல் கை நீட்டும். மருத்துவமனையில் ரத்தம் எடுப்பதுதான் என் வேலை.

இறந்தவர் என் தங்கையின் கணவர். லாரி மெக்கானிக். பல வருடக் குடி. குடித்தால் அடிப்பார். ஒருமுறை அவள் தலையைப் பிடித்துக் கதவில் மோதியதில் முன்பல் இரண்டு போயின. அடி விழுந்தபோதெல்லாம் என் வீட்டுக்குத்தான் ஓடி வருவாள். மருந்து போட்டு, சோறு ஊட்டி, பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்வேன். தாயில்லாப் பிள்ளை, நான் வளர்த்தவள்.

போன வருடம் அவர் தோல் கறுத்துச் சாம்பல் பூத்தது. டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன்.

"குடிச்சுக் குடிச்சு, சாப்பாட்டுல இருக்கிற இரும்ப உங்க குடல் அளவில்லாம உள்ள வாங்குது. அது ஈரல்ல போய்த் தேங்குது. குடிய விடுங்க. அப்பப்போ ரத்தம் எடுத்துடலாம். புது ரத்தம் ஊற அந்த இரும்பு செலவாகும்" என்றார் டாக்டர்.

"இரும்போடயே பொழப்பு நடத்துறவன் நான். அது வயித்துக்குள்ளயும் வந்துருச்சா?" என்று அவர் சிரித்தார். ஆனாலும் பயந்துவிட்டார். குடியை விட்டார். பை பையாக ரத்தம் எடுத்தேன். இரும்பு இறங்கியது, முகம் தெளிந்தது. தங்கைக்குப் பல் கட்டிக்கொடுத்தார். அவள் என் வீட்டுப் பக்கம் வருவதே நின்றுபோயிற்று. ஃபோன் செய்தால், "அவரு சமைக்கிறாருக்கா, அப்புறம் பேசறேன்" என்பாள்.

அன்று இருவரும் சேர்ந்தே மருத்துவமனைக்கு வந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் வெளியே போயிருந்தார்கள். "இதோட முடிஞ்சுதாம்க்கா. இனிமே உனக்குத் தொந்தரவு இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் கதவைத் தாழிட்டேன்.

அவர் கைகளைப் பட்டையால் கட்டிலோடு சேர்த்துக் கட்டினேன். "எதுக்குக்கா இது?" என்றார்.

"ஆடாம இருக்கத்தான் தம்பி."

ஒரு பை நிறைந்ததும் இன்னொன்றை மாட்டினேன். பிறகு இன்னொன்று. "தலை சுத்துது, போதும்க்கா" என்றார். நான் நிறுத்தப்போவதில்லை என்று புரிந்ததும் திமிறினார். ஊசி பிய்ந்து வந்தது. பட்டையை அறுத்துக்கொண்டு என் தாடையில் ஓங்கி அடித்தார். பாருங்கள், வீக்கம் இன்னும் வடியவில்லை. குடியை விட்டும் அடிக்கிற கை மாறவில்லை பார்த்தீர்களா? மார்பில் முழங்காலை ஊன்றி, கட்டு வெட்டும் கத்தரிக்கோலைக் கழுத்தில் இறக்கினேன். எங்கே இறக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ரத்தம் சுவர்வரை அடித்தது.

சத்தம் கேட்டுத் தங்கை கதவை இடித்தாள். "அக்கா, அவர விட்டுடு. உன் கால்ல விழறேன்க்கா" என்று கதறினாள். அவர் கால்கள் அடங்கிய பிறகு, கை கழுவிவிட்டுத் திறந்தேன்.

ஆமாம், நான்தான் கொன்றேன். அவளுக்காகத்தான். என் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்கிறாளாம். இருக்கட்டும், அதிர்ச்சி. தெளிந்ததும் வருவாள். இனி அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?