இரும்புக் குளம்பின் எட்டு நொடி அலறல்

பொறுமைக்கும் பெருந்தன்மைக்கும் பேர்போன இந்த விழாவின் தலைவர், ‘இரும்புக் குளம்பு’ இசைக்குழுவின் பாடகர், என் அருமைத் தம்பி மைரிக் அவர்களே! மேடையில் இரண்டு நாற்காலிகளையும் என் நெஞ்சில் நான்கு நாற்காலிகளையும் அடைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் டிரம்ஸ் வித்தகர், என் அக்காள் மகன் எல்வெட் அவர்களே! ஒட்டி அமர்ந்திருந்தும் இருபது ஆண்டுகளாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாத கிட்டார் இரட்டையர்களே! முன்வரிசையில், மடியில் கைப்பையும் மனத்தில் வருகைப் பதிவேடுமாக, நூற்றொரு வயதிலும் நாணல்போல் வளையாமல் தூண்போல் நிமிர்ந்திருக்கும் எங்கள் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை மிஸ் டெகுவென் பார்ரி அவர்களே! மழையில் நனைந்து வந்த பெரியோர்களே, மழையைத் திட்டிக்கொண்டே வந்த தாய்மார்களே, மழைக்கு மட்டுமே ஒதுங்கியிருந்தாலும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளப்பட்ட இளைஞர்களே! நான்ட்காரெக் தொழிலாளர் மன்றத்தின் இந்த ஒழுகும் கூரையின்கீழ் உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இந்த ஊரில் எம்ரிஸ் என்று பதினொரு பேர் இருப்பதால் என்னை நீங்கள் ‘வேன் எம்ரிஸ்’ என்பீர்கள். இரும்புக் குளம்பின் வேனை ஓட்டியவன் நான். அந்த வேன் ஓடியது பாதித் தூரம். நாங்கள் தள்ளியது மீதித் தூரம். அந்தத் தகுதியில்தான் இந்த ஒலிபெருக்கியின் முன் நிற்கிறேன்.

இன்று இரும்புக் குளம்பின் ஒலிப்பதிவுகள் அனைத்தையும் ஒரே பெட்டியில் அடைத்து வெளியிடுகிறோம். அனைத்தும் என்றால் எத்தனை? ஆயிரமா? ஐந்நூறா? மூன்று. மூன்றே மூன்று! ஆனால் உலகத்துக்கு எத்தனை சூரியன் வேண்டும்? எத்தனை வானம் வேண்டும்? அவற்றைவிட மூன்று அதிகமில்லையா? அந்த மூன்றின் வரலாற்றைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். சொல்வதற்கு முன் இந்த அவையின்மீது ஆணையிட்டு ஒரு வாக்குறுதி தருகிறேன்: நான் சொல்லப்போவதை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை.

முதல் பதிவு, எண்பத்தொன்றில் வந்த ஒரு கேசட். மைரிக் அப்போது ரொட்டிக்கடையில் வேலை பார்த்தான். அந்தக் கடையின் மாவு அறைதான் ஒலிப்பதிவுக் கூடம். எல்வெட் முதல் அடி அடித்தான். மூன்று மூட்டை மாவு எழுந்து நின்றது. இரண்டாம் அடி அடித்தான். மலையில் மேய்ந்துகொண்டிருந்த நானூறு ஆடுகளும் ஒரே நேரத்தில் தங்கள் கம்பளியைத் தாமே கழற்றி, மடித்து, வேலியோரம் வைத்துவிட்டு அடுத்த பள்ளத்தாக்குக்குக் குடிபெயர்ந்தன. மூன்றாம் அடியில் எங்கள் ஆறு இரண்டு நிமிடம் மேல்நோக்கி ஓடிப் பார்த்துவிட்டு, மேலேயும் மழைதான் என்று தெரிந்து திரும்பி வந்தது.

ஆனால் ஒரு சிறு பிசகு. புதுக் கேசட் வாங்க வசதியில்லை. என் அம்மா ஆண்கள் பாடகர் குழுவின் கீர்த்தனைகளைப் பிடித்து வைத்திருந்த கேசட்டின்மேல்தான் பதிந்தார்கள். முதல் பக்கத்தோடு பையன்களிடம் பாட்டு தீர்ந்துவிட்டது; அப்படியே நகலெடுத்து விற்றார்கள். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினால் எண்பது சுரங்கத் தொழிலாளர்கள் பரலோகத்தை உருக்கிக்கொண்டிருப்பார்கள். நார்வேயிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் கடிதம் கடிதமாக வந்தது. முதல் பக்கம் சுமார். இரண்டாம் பக்கத்தில் பாடும் பயங்கரமான ஆசாமிகள் யார், அவர்கள் எப்போது எங்கள் ஊருக்கு வருவார்கள் என்று.

அதைக் கேட்டு லண்டனிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. அதன் சார்பில் நைஜல் என்று ஒரு ஒலிப்பதிவாளர் வந்தார். மெலிந்த மனிதர், எப்போதும் குளிரில் இருப்பவர். மேடை நிகழ்ச்சியை அப்படியே பதிவு செய்வோம், கூட்டத்தின் வெறிக்கூச்சல் வேண்டும் என்றார். எண்பத்துநான்கில், இதே மன்றத்தில், இதே கூரையின்கீழ் இரண்டாம் பதிவு நடந்தது.

வெறிக்கூச்சலா? யாரிடம் வந்து கேட்டார் அந்த மனிதர்? தொட்டிலிலேயே நான்கு குரலாகப் பிரிந்து அழும் ஜனத்திடமா? மைரிக் நெஞ்சைக் கிழித்துக்கொண்டு, சாவே வா, சாவே வா என்று கத்தினான். கூட்டம் பதிலுக்குக் கத்த வேண்டும். நீங்கள் என்ன செய்தீர்கள்? பெண்கள் மேலே போனார்கள். ஆண்கள் கீழே போனார்கள். நடுவில் இரண்டு குரல்கள் அழகாகப் பின்னிக்கொண்டன. சாவு வந்திருந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போயிருக்கும்! நைஜல் தலையில் கைவைத்துக்கொண்டார். மைரிக் கெஞ்சினான். மெட்டையே எடுத்துவிட்டு ஒரே ஒரு சுரத்தில் கத்தச் சொன்னான். அந்த ஒற்றைச் சுரத்துக்கும் கீழே ஒன்று, மேலே இரண்டு என்று சேர்த்து, முடிவில் ஒரு ‘ஆமென்’ வேறு போட்டுவிட்டீர்கள். அந்த இசைத்தட்டை உலகமே புறக்கணித்தது. ஒரே ஒரு முதியோர் இல்லம் மட்டும், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் போடுவதற்காகப் பன்னிரண்டு தட்டுகள் வாங்கியது.

யாரது பின்வரிசையில், ‘ஆறுதான்’ என்பது? மீன்கடை டில்வின்தானே? பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு. உன் கடையில் நீ மீன் நிறுக்கும்போது நான் ஏதாவது கேட்டேனா?

அதன்பிறகு வந்தது லண்டன் கடிதம். இன்னும் ஒரு பதிவுக்குத்தான் இடம் உண்டு, அதைக் கேட்டால் மனிதனுக்குக் குலை நடுங்க வேண்டும், நடுங்காவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது என்று எழுதியிருந்தார்கள். மைரிக் ரொட்டிக்கடை வேலையை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. எப்படியும் திரும்பி வருவான் என்று முதலாளி அவனுடைய வெள்ளை மேலங்கியைத் துவைத்து, தேய்த்து, கடைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி மாட்டி வைத்திருந்தார். தினமும் அந்தக் கண்ணாடியைக் கடந்துதான் மைரிக் வீட்டுக்குப் போக வேண்டும். இருட்டின் அரசன் என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டவன், அந்த மேலங்கியைப் பார்க்காமல் இருக்க எதிர்ச்சாரியில் நடப்பான். ஒரு நாள் வேனில் என்னிடம் சொன்னான்:

“அண்ணே, என்னால யாரையும் பயமுறுத்த முடியலண்ணே. எங்க வீட்டுப் பூனைகூட என்னப் பாத்துக் கொட்டாவி விடுது.”

எண்பத்தாறு. மூன்றாம் பதிவு. எதிரொலி வேண்டும் என்று நைஜல் அலைந்து, கடைசியில் மேல்தெருச் சபைக் கோவிலை மூன்று நாள் வாடகைக்குக் கேட்டார். நரகத்தைப் பற்றிப் பாடும் கூட்டத்துக்குக் கோவிலைக் கொடுப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். சபை மூப்பர்கள் ஐந்து பேரும் பிரசங்க மேடைக்குக் கீழுள்ள பெரிய இருக்கையில் வரிசையாக அமர்ந்து, பாட்டுகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு அந்த நரகத்தைப் பற்றி ஒரே ஒரு குறைதான் இருந்தது. மூத்தவர் சொன்னார்: “குளிருக்கு இதமா இருக்கும்போலிருக்கே தம்பி, ஒன் நரகம்.” பிறகு பென்சிலை எடுத்து, நரகத்தின் சாகாத புழுவை எங்கே சேர்ப்பது, தாகத்தை எங்கே வைப்பது, மொத்தம் எத்தனை யுகம் என்றெல்லாம் திருத்திக் கொடுத்தார்கள். திருத்திய பிரதியைப் படித்த எல்வெட்டுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அவனுக்குச் சோறு இறங்கவில்லை என்பதை, அவையோரே, அவன் உருவத்தை வைத்து எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

மூப்பர்கள் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று: கம்பளத்தில் சேறு படக் கூடாது. ஆகவே உடலெல்லாம் தோலும் ஆணியுமாக, காலில் மட்டும் அம்மாமார் பின்னிக் கொடுத்த காலுறையோடு, இரும்புக் குளம்பு தன் ஒலிப்பதிவைத் தொடங்கியது.

இரண்டே நாளில் எல்லாம் முடிந்தது. எல்லாம் என்றால், ஒன்றைத் தவிர. கடைசிப் பாட்டில் வாத்தியங்கள் எல்லாம் சட்டென நிற்கும். அந்த எட்டு நொடி வெறுமையில் மைரிக் அலற வேண்டும். அந்த அலறலில்தான் குலை நடுங்க வேண்டும். அந்த அலறலில்தான் ஒப்பந்தம் நிற்கிறது. அலறினான். நைஜல் இல்லையென்று தலையை ஆட்டினார். மறுபடி அலறினான். நைஜல் கண்ணாடியைத் துடைத்தார். பொறுமையாகத்தான் சொன்னார் அந்த மனிதர்:

“இது பயம் இல்லப்பா. பஸ்ஸத் தவறவிட்டவன் சத்தம்.”

மூன்றாம் நாள் முழுக்க அலறல். பல்வலி அலறல், பந்தயத்தில் தோற்ற அலறல், சுடுதேநீர் மடியில் கொட்டிய அலறல். அறுபத்துநான்கு அலறல்கள்! பயம் மட்டும் வரவில்லை. ஐந்து மணிக்குப் பெண்கள் சங்கத்தின் தேநீர்க் கூட்டம்; அதற்குள் கோவிலைக் காலி செய்ய வேண்டும். மணி நாலே முக்கால். மைரிக் அலறினால் காற்று மட்டும்தான் வந்தது. கண்ணாடிக்குள் தொங்கும் அந்த வெள்ளை மேலங்கியை அவன் அப்போது கண்ணெதிரே பார்த்திருப்பான். நைஜல் கடைசி நாடாவை ஓடவிட்டு, கடைசித் தடவை என்று கையைக் காட்டினார்.

அப்போது பக்கவாட்டுக் கதவு திறந்தது.

வந்தது சிங்கமா? இல்லை. சிறுத்தையா? இல்லை. நான்கடி பத்தங்குலத்தில், கையில் பிளம் ரொட்டித் தட்டோடு, மிஸ் டெகுவென் பார்ரி!

அவையோரே, இந்த ஊரில் வளர்ந்த எவருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய இருக்கைக்கு முன்னால் பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டும். ஆளுக்கொரு வேதவசனம் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். படிக்காத பிள்ளைகள் தப்பித்துக்கொள்ள வேதத்தில் மூன்று சொல்லில் ஒரு குட்டி வசனம் உண்டு. அந்தக் குட்டி வசனத்தை ஓர் ஆள் ஆயுளில் ஒரு தடவைதான் சொல்லலாம் என்பது மிஸ் பார்ரியின் சட்டம். எந்தப் பிள்ளை எந்த ஞாயிறு அதைச் செலவழித்தது என்பது அவருக்கு நினைவிருக்கும். ஆறு வயதில் செலவழித்தான் மைரிக்.

கதவைத் திறந்தவர் தட்டைக் கீழே வைத்தார். பார்த்தார். அவ்வளவுதான். நான்கு பேரும், ஆணிப் பட்டையும் சங்கிலியுமாக, யாரும் சொல்லாமலே உயரவாரியாக வரிசையில் நின்றார்கள். இன்றைக்கு இருபது ஆண்டுகளாகப் பேசாமல் இருக்கும் இந்த இரட்டையர்கள் அன்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். நாடா ஓடிக்கொண்டிருந்தது.

“மைரிக். உன் வசனம்?”

“மிஸ், அது வந்து... அடுத்த வாரம் சொல்றேன் மிஸ்.”

“போன வாரமும் இதத்தான் சொன்னே கண்ணு.”

அந்தப் போன வாரம் முடிந்து பதினாறு வருடம் ஆகியிருந்தது. மைரிக் குட்டி வசனத்தின் முதல் சொல்லை வாயில் எடுத்தான்.

“அது உனக்குத் தீந்துபோச்சு,” என்றார் மிஸ் பார்ரி.

அப்போது எழுந்தது, அவையோரே, அந்த அலறல்! எட்டு நொடி! கோவில் கூரையில் உறங்கிய புறாக்கள் இன்றுவரை திரும்பவில்லை. ஆர்கனின் குழாய்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. வாழ்நாளில் ஓய்வுநாள் பள்ளியையே பார்த்திராத நைஜல் மேசைக்கடியில் புகுந்து, ஏழாம் வாய்பாட்டைச் சொல்லத் தொடங்கினார்.

அந்த இசைத்தட்டு வெளிவந்தது. குலை நடுங்கியதா? பின்லாந்தில் ஓநாய்கள் மனிதர்களின் வீடுகளில் அடைக்கலம் கேட்டன. ஜெர்மனியில் ஒரு கொள்ளைக்காரன் வானொலியில் அதைக் கேட்டுக் காவல்நிலையத்துக்குத் தானே நடந்து போனான், காவல்நிலையத்தில் யாரும் இல்லை, அவர்களும் கேட்டிருந்தார்கள். ஒப்பந்தம் மேடை நிகழ்ச்சிகளுக்காக நீண்டது; இன்னொரு பதிவுக்கு நேரமே இல்லை. ரொட்டிக்கடைக் கண்ணாடியிலிருந்து அந்த வெள்ளை மேலங்கி இறங்கியது. ஒன்பது வருடம் ஊர் ஊராகப் போனோம். போன ஊரிலெல்லாம் அந்த எட்டு நொடிக்காகவே கூட்டம் கூடியது.

பேயைப் பாடினார்கள், எவன் பயந்தான்? பிணத்தைப் பாடினார்கள், எவன் பயந்தான்? பாதாளத்தைப் பாடினார்கள், பாதி உலகம் தாளம் போட்டது! உலகெங்கும் கறுப்புச் சட்டை போட்ட குழுக்கள் கூகையையும் குகையையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்தன. நம் பள்ளத்தாக்கு எதைக் கூப்பிட்டது? எதையும் கூப்பிடவில்லை! பக்கத்து அறையில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்க வந்தது அந்தப் பயம்! பிளம் ரொட்டியோடு வந்தது அந்தப் பயம்! பேரைச் சொல்லி அழைத்தது அந்தப் பயம்! அந்தப் பயத்தைத் தட்டில் வடித்து உலகத்துக்குத் தந்த ஊர் நான்ட்காரெக் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன், நிமிர்த்திச் சொல்வேன், மிஸ் பார்ரி வேறு பக்கம் பார்க்கும்போது இன்னும் உரக்கச் சொல்வேன்!

இந்தப் பெட்டியை வாங்குங்கள். வாங்காதவர்கள் தொட்டாவது பாருங்கள். இவ்வளவு நேரம் கேட்ட உங்களுக்கும், கேட்பதுபோல் இருந்த உங்களுக்கும் நன்றி. தேநீர் கொடுத்த சங்கத்தாருக்கும், ஒலிபெருக்கியைப் பிடுங்காத எல்வெட்டுக்கும் நன்றி. அனைவருக்கும் வணக்கம்.

தலைவர் மணியை எடுக்கிறார். ஒரு நிமிடம், தம்பி. இதைச் சொல்லாமல் இறங்கினால் எனக்கு உறக்கம் வராது.

ஆடுகள் பொய். ஆறு பொய். ஓநாயும் கொள்ளைக்காரனும் பொய். டில்வின், முதியோர் இல்லம் வாங்கியது ஆறுகூட இல்லை, இரண்டு. ஆனால் அந்தப் பெட்டியின்மேல், ‘அலறல்: மைரிக்’ என்று அச்சிட்டிருக்கிறார்களே, அதையும் பொய்யென்று சொல்லத்தான் வேண்டும். மைரிக் அன்று வாயைத் திறந்தபடியே நின்றான், காற்றுகூட வரவில்லை. நான் மேல்மாடத்தில் குனிந்து வயர் சுருட்டிக்கொண்டிருந்தேன். மிஸ் பார்ரி அண்ணாந்து பார்க்காமலே சொன்னார், “எம்ரிஸ், நீ அங்க இருக்கறது எனக்குத் தெரியும். நீ சொல்லு.”

குட்டி வசனம் எனக்கும் எப்போதோ தீர்ந்திருந்தது. இந்த மேடையில் நான் சொன்னதில் அந்த எட்டு நொடி மட்டும் சத்தியம். அது என் குரல். பிறகு ஒன்பது வருடம், ஒவ்வொரு ஊரிலும் திரைக்குப் பின்னால் நின்று, ஓய்வுநாள் பள்ளியின் பழைய குழுப்படத்தில் முதல் வரிசையின் நடுவில் இருக்கும் அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து அலறியவனும் நான்தான். வேன் ஓட்டுகிறவனுக்குத் திரைக்குப் பின்னால் என்ன வேலை என்று நீங்கள் யாரும் கேட்டதில்லை.

வசனம் எனக்கு இன்னும் தெரியாது, மிஸ்.